ஒரு சிப்பாய் குறைவாக: திக்ரான் பெத்ரோசியனின் கணக்கு

சதுரங்க ஆட்டம் ஒன்றை நடுவில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கத்துக் காய்களையும் எண்ணிப் பார்ப்பது சுலபமான வேலை. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மூலைவாட்டில் ஓடும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9. அரசனுக்கு விலை கிடையாது. சில வாரங்களுக்கு முன்னர் என் மடிக்கணினியில் ஏற்றிவைத்த ஒரு நிலையை அப்படி எண்ணினேன். வெள்ளைக்கு 28, கறுப்புக்கு 26. 1953ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் போட்டியில் ஆடப்பட்ட ஆட்டம் அது. கறுப்புக் காய்களுக்குப் பின்னால் இருந்தவருக்கு அப்போது வயது 24. அந்த 2 புள்ளிகளை அவர் கவனக்குறைவால் இழக்கவில்லை. எடுத்துக்கொள் என்று எதிராளியின் முன்னால் தானே வைத்தார்.

இன்றைய சதுரங்க நிரல்கள் இப்படியான விட்டுக்கொடுப்புகளை விளங்கிக்கொள்கின்றனவா என்று சோதித்து எழுதுவதுதான் என் எண்ணமாக இருந்தது. உடனடி இலாபம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிப்பாயையோ அதற்கு மேலேயோ கொடுத்துவிட்டு, பலகையில் நல்ல இடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் நகர்வுகள் அவை. சோதனைக்கு நிலைகளைத் தேடிப் போனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: திக்ரான் பெத்ரோசியன். 1963 முதல் 1969 வரை உலகச் சம்பியன். ஆளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு நிரல் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சதுரங்கத்தில் காயைக் கொடுப்பதைத் தமிழில் தியாகம் என்றும் பலி என்றும் எழுதுகிறார்கள். இந்த இரண்டு சொற்களும் எமது வாசகர்களிடம் எதை எதைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். மரப் பலகையில் ஒரு மரத்துண்டைக் கொடுப்பதற்கு அவற்றைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. விட்டுக்கொடுப்பு என்றே எழுதுகிறேன்.

பெத்ரோசியன் 1929 யூன் 17ஆம் திகதி, சோவியத் ஜோர்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் பிறந்தவர். பெற்றோர் ஆர்மேனியர்கள். ஜோர்ஜிய நகரத்தில் ஆர்மேனிய வீடு, வெளியே ரஷ்ய மொழியின் ஆட்சி. தந்தை வர்தான், இராணுவ அதிகாரிகளுக்கான மண்டபம் ஒன்றின் பராமரிப்பாளர். பையன் எட்டு வயதளவில் சதுரங்கம் பழகினான். பின்னர் சிறுவர் மாளிகையில் ஆர்ச்சில் எப்ராலிட்சே என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தான். எப்ராலிட்சே வாணவேடிக்கை ஆட்டங்களை விரும்பாதவர். கியூபாவின் கபப்லாங்காவையும் றீகாவில் பிறந்து டென்மார்க்கில் குடியேறிய நிம்சோவிச்சையும் மாணவர்களுக்கு முன்மாதிரியாக வைத்தவர். முதலில் எதிராளி என்ன செய்ய நினைக்கிறான் என்று பார், அதைச் செய்யவிடாமல் தடு, பிறகு உன் வேலையைப் பார் என்பது நிம்சோவிச்சின் பாடம். பெத்ரோசியனின் ஆட்டம் முழுவதும் இந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. 1942இல் ஜேர்மன் படைகள் கவ்காசஸ் மலைகள் வரை வந்தன. திபிலிசியை அவை எட்டவில்லை. பசியும் குளிரும் எட்டின. யுத்தம் முடிவதற்குள் பெத்ரோசியனின் தாயும் தந்தையும் இறந்துபோனார்கள். பதின்ம வயதுப் பையன் துடைப்பத்தை எடுத்துத் தெருக் கூட்டினான். அந்தக் காலத்தில்தான் அவனுடைய காது மந்தமாகத் தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் அது திரும்பவில்லை.

பங்கீட்டுக்குரியதைக் கொடுத்து நிம்சோவிச்சின் புத்தகத்தை அவன் வாங்கினான் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அளவு தெரியும். அது ஒரு நாள் சாப்பாடு, அல்லது இரண்டு நாள் சாப்பாடு. அவன் மனதில் நின்ற இன்னொரு புத்தகம் ருடொல்ப் ஸ்பீல்மன் எழுதியது. பொருள், சதுரங்கத்தில் காய்களை விட்டுக்கொடுக்கும் கலை. ஸ்பீல்மன் ஒஸ்திரிய யூதர். நாசிகளிடமிருந்து தப்பி சுவீடனுக்குப் போய், 1942இல் ஸ்டொக்ஹோமில் வறுமையில் இறந்தவர். அவருடைய புத்தகத்தைத் திபிலிசியில் ஒரு அநாதைப் பையன் படித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஸ்பீல்மன் விட்டுக்கொடுப்புகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று போலி. கொடுத்தது நாலு நகர்வில் வட்டியோடு திரும்பி வரும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மற்றது உண்மையானது. திரும்பி வருமா, எப்போது வரும், எந்த உருவத்தில் வரும் என்று கணக்குப் போட முடியாது. கொடுப்பவர் தன் மதிப்பீட்டை மட்டும் நம்பிக் கொடுக்கிறார். சதுரங்க நிரல்களைச் சோதிப்பவர்களுக்கு இன்றுவரை இதைவிடத் தெளிவான பிரிப்பு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. போலியை இயந்திரங்கள் எப்போதோ கற்றுவிட்டன. தொல்லை கொடுத்தது மற்றது.

யுத்தம் முடிந்த மறுவருடம், 1946இல், பெத்ரோசியன் யெரெவானுக்குப் போய் ஆர்மேனியச் சம்பியனானார். பிறகு மொஸ்கோ. 1952இல் கிராண்ட்மாஸ்டர். 1953இல் சூரிச்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வரலாம். எதிரே அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, போலந்தில் குழந்தை மேதையாகக் கொண்டாடப்பட்டவர். வெள்ளைக்கு நடுவில் இரண்டு சிப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று முன்னேறி ஈ5 கட்டம் வரை வந்துவிட்டது. பின்னால் இரண்டு கோட்டைகள் ஒரே நிரலில் நின்று அதைத் தள்ளுகின்றன. இன்னொரு அடி வைத்தால் கறுப்பின் வீடு உடைந்துவிடும். கறுப்புக்கு டி5 என்ற கட்டம் சொர்க்கம். குதிரை அங்கே போய் உட்கார்ந்தால் யாராலும் கிளப்ப முடியாது. ஆனால் குதிரை போகிற வழியில் சொந்தக் கோட்டையே நிற்கிறது.

25ஆவது நகர்வில் பெத்ரோசியன் கோட்டையை ஈ6இல் கொண்டுபோய் வைத்தார். வெள்ளையின் மந்திரி அதை நேராக வெட்டலாம். அதற்கு மேல் அந்த நகர்வில் வேறு மர்மம் எதுவும் இல்லை. வெட்டினால் கறுப்பின் சிப்பாய் திரும்ப வெட்டி, வெள்ளைச் சிப்பாயின் பாதையை அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வழி திறக்கும். டி5இல் அதைத் துரத்தக்கூடிய ஒரே மந்திரியும் அந்த வெட்டில் போய்விடும். மிஞ்சும் மந்திரி தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். கொடுத்தது ஒரு கோட்டை, வாங்கியது ஒரு மந்திரி. 2 புள்ளி நட்டம். இலாபம் என்று காட்ட ஒரு குதிரையும் அது நிற்கும் இடமும்தான்.

ரெஷெவ்ஸ்கி வெட்டினார். குதிரை டி5 போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. 30ஆவது நகர்வில் ரெஷெவ்ஸ்கியே ஒரு கோட்டையைத் திருப்பிக் கொடுத்து ஒரு மந்திரியையும் ஒரு சிப்பாயையும் எடுத்துக்கொண்டார். இரண்டு புள்ளி மேலே இருந்தவர் அதை வைத்து என்ன செய்வதென்று வழி காணாமல் ஒரு பகுதியைத் திரும்பத் தந்துவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். கணக்கு 23க்கு 22 ஆனது. பெத்ரோசியன் இப்போது ஒரு சிப்பாய் குறைவாக இருந்தார். குதிரை அசையவில்லை.

இந்த நிலைகளை நிரலிடம் கொடுத்துச் சோதிப்பது எப்படி? வழக்கமான முறை, நிலையைக் கொடுத்துவிட்டுச் சரியான நகர்வை எத்தனை விநாடியில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பது. மூன்று நகர்வில் அரசனைப் பிடிக்கும் புதிர்களுக்கு இது பொருந்தும். அங்கே விடை ஒன்றே ஒன்று. உண்மையான விட்டுக்கொடுப்புக்கு அப்படி ஒரு விடைத்தாள் இல்லை. ஆகவே வேறு மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நகர்வை நிரல் யோசனைக்காவது எடுக்கிறதா? நேரம் கூடக் கூட அதன் மதிப்பெண் எந்தப் பக்கம் நகர்கிறது? நிரலையே இரண்டு பக்கமும் ஆடவிட்டால் அந்த ஒரு சிப்பாய் இலாபத்தை வெற்றியாக மாற்ற முடிகிறதா?

பழைய நிரல்கள் இதில் தடுக்கி விழுந்ததற்குக் காரணம் எளிது. 1950இல் குளோட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், கணினி சதுரங்கம் ஆடுவதற்கான அடிப்படையை ஒரு கட்டுரையில் எழுதினார். நகர்வுகளைக் குறிப்பிட்ட ஆழம் வரை விரித்துப் பார், முடிவில் வரும் நிலைக்கு மதிப்பெண் போடு. அந்த மதிப்பெண்ணின் முதுகெலும்பு காய்களின் விலை. பின்வந்தவை பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் போயின. கஸ்பரோவை 1997இல் வென்ற டீப் ப்ளூ விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆனால் ஒரு விட்டுக்கொடுப்பின் பலன் முப்பது நகர்வு தள்ளி, அதுவும் எதிராளி வெல்ல முடியாமல் போவது என்ற வடிவில் வந்தால், பார்வை எட்டும் எல்லைக்குள் தெரிவது நட்டம் மட்டும்தான்.

மாற்றம் 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. அல்பாசீரோ என்ற நிரலுக்கு விதிகள் மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. காய்களின் விலைப்பட்டியலை யாரும் கொடுக்கவில்லை. தனக்குத்தானே ஆடிப் பழகிய அது, அப்போதைய வலுவான நிரலான ஸ்டொக்பிஷ்ஷுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28இல் வென்றது. மீதி 72உம் சமநிலை. சதுரங்கக்காரர்கள் வியந்தது எண்ணிக்கையை அல்ல. அது சிப்பாய்களை அலட்சியமாகக் கொடுத்துவிட்டு எதிராளியை மெல்ல மெல்ல மூச்சுத்திணற வைத்ததைத்தான். 2020இல் ஸ்டொக்பிஷ்ஷும் நிலைகளை மதிப்பிட நரம்பணு வலையமைப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. இப்போது அதை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். என் பழைய மடிக்கணினியில் காற்றாடி இரைந்தாலும் ஓடுகிறது.

அதனிடம் பெத்ரோசியனின் நிலையைக் கொடுத்தேன். வெள்ளைக்குத்தான் நிலை சற்று நல்லது என்று சொன்னது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பெத்ரோசியனின் நகர்வு மந்திரம் அல்ல. அவர் ஏற்கெனவே சிரமத்தில் இருந்தார், அதிலிருந்து வெளியே வர வழி தேடினார். ஆனால் கோட்டை வெட்டுப்பட்ட பிறகும் நிரலின் மதிப்பெண் அந்த 2 புள்ளிக்குக் கிட்ட வரவில்லை. காய்களை எண்ணினால் தெரியாத ஏதோ ஒன்றை அது கறுப்பின் பக்கம் வரவு வைத்திருந்தது.

கபப்லாங்காவின் ஒரு ஆட்டத்தையும் சோதனையில் சேர்த்துக்கொண்டேன். 1914, சென் பீற்றர்ஸ்பேர்க். எதிரே நிம்சோவிச், பெத்ரோசியன் சாப்பாட்டை விற்று யாருடைய புத்தகத்தை வாங்கினாரோ அவரேதான். நிம்சோவிச்சின் அரசி போய் ஓரத்துச் சிப்பாயைத் தின்றது. கபப்லாங்கா பதற்றப்படவில்லை. திறந்துவிட்ட இரண்டு நிரல்களிலும் கோட்டைகளை நிறுத்தினார். ஒரு சிப்பாய் மேலதிகமாக இருந்த நிம்சோவிச் செய்ய வேலையின்றித் தவித்துத் தோற்றார். கபப்லாங்கா அந்தச் சிப்பாயை வேண்டுமென்றே கொடுத்தாரா, தவறவிட்டுப் பிறகு சமாளித்தாரா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. பலகையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நிரலும் சொல்லாது. அதற்கு முன்னால் இருப்பது நிலை மட்டுமே. கொடுத்ததா, பறிபோனதா என்ற கேள்வி அதனிடம் இல்லை.

இங்கேதான் நான் எழுத நினைத்திருந்த கட்டுரை உடைந்தது. என் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், யுத்தத்தில் எல்லாம் இழந்த சிறுவன் இழப்பையே ஆயுதமாக்கக் கற்றுக்கொண்டான் என்ற மாதிரி ஒரு வசனம் இருந்தது. எழுதும்போது நல்லாகத்தான் இருந்தது. ஆனால் சூரிச்சில் அந்தக் கோட்டையை அவர் தானே கொடுத்தார். பலகை முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது, யோசிக்க நேரம் இருந்தது. திபிலிசியில் தாயையும் தந்தையையும் அவர் எதற்காகவும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக எந்த நல்ல இடமும் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், யுத்தத்தில் இறந்துபோன இரண்டு பேரை ஒரு வெற்றிக் கதையின் செலவுக் கணக்கில் எழுதியவன் ஆவேன். எங்களுடைய இழப்புகளையும் அப்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். அவருடைய ஆட்டம் அநாதைத்தனத்திலிருந்து வரவில்லை என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. எப்ராலிட்சேயிடமிருந்தும் இரண்டு புத்தகங்களிலிருந்தும் வந்தது என்பதற்குத்தான் சான்று இருக்கிறது.

அவரை எல்லோரும் விரும்பவில்லை. சமநிலைகளின் அரசன், சலிப்பூட்டுபவர் என்று எழுதினார்கள். 1962இல் கரீபியன் தீவான குராசாவோவில் நடந்த தெரிவுப் போட்டியில் 27 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் முதலிடம் பெற்றார். 8 வெற்றி, 19 சமநிலை. அவரும் கெரெஸ், கெல்லர் ஆகிய இரு சோவியத் ஆட்டக்காரர்களும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. சோவியத்காரர்கள் கூடிப் பேசி ஆடுகிறார்கள் என்று பொபி பிஷர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்றே பலர் இன்று கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1963 வசந்தத்தில் மொஸ்கோவில் மிகாயில் பொத்வினிக்குடன் உலகப் பட்டத்துக்கான ஆட்டத் தொடர். முதல் ஆட்டத்தில் தோற்றார். 22 ஆட்டங்கள் முடிந்தபோது 12.5க்கு 9.5 என்ற கணக்கில் சம்பியன். யெரெவானில் ஒபேரா சதுக்கத்தில் பெரிய பலகைகள் நிறுத்தப்பட்டு, மொஸ்கோவிலிருந்து நகர்வுகள் வர வர ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சதுரங்கம் தெரிந்திருக்கும் என்பது வேறு கதை. 1915இன் இனப்படுகொலைக்குப் பிறகு மிஞ்சிய ஒரு சின்ன மக்கள் கூட்டத்தின் பெயர் உலகச் செய்தியில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்குப் பின், 1965 ஏப்ரல் 24ஆம் திகதி, அதே நகரத்தின் தெருக்களில் இலட்சம் பேரளவில் திரண்டு, அரை நூற்றாண்டுக்கு முன் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர இடம் கேட்டார்கள். சோவியத் ஆட்சியில் அப்படி ஒரு கூட்டம் எளிதாக நடக்கக்கூடிய விடயமல்ல. 1967இல் நினைவிடம் எழுந்தது.

தோற்ற பொத்வினிக் மின்பொறியியலாளர். போட்டி ஆட்டத்தை விட்டபின், மனிதன் யோசிப்பதுபோல யோசிக்கும் சதுரங்க நிரல் ஒன்றை உருவாக்கப் பல வருடங்களைச் செலவிட்டார். எல்லா நகர்வுகளையும் எண்ணிப் பார்ப்பது அறிவல்ல என்பது அவருடைய கட்சி. அந்த நிரல் வலுவான ஆட்டக்காரனாக ஒருபோதும் வளரவில்லை. பெத்ரோசியனும் 1968இல் யெரெவான் பல்கலைக்கழகத்தில் சதுரங்கச் சிந்தனையின் தர்க்கம் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்துத் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பலகையில் ஒருவரையொருவர் எதிர்த்த இருவரும் கடைசியில் ஒரே கேள்வியின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

1966இல் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைக் காத்தார். 1934க்குப் பிறகு பட்டம் வைத்திருந்தவர் ஒருவர் அதற்கான தொடரை வென்றது அதுவே முதல் தடவை. 1969இல் அதே ஸ்பாஸ்கியிடம் இழந்தார். 1971இல் ஜேர்மனியின் ஹியூப்னருடன் ஸ்பெயினில் ஆடியபோது வெளியே தெருச் சத்தம் பொறுக்கவில்லை. ஹியூப்னர் அல்லாடி, ஏழாவது ஆட்டத்தோடு விலகிப் போனார். பெத்ரோசியன் காதுக் கருவியை நிறுத்திவிட்டு ஆடினார் என்று சொல்வார்கள். அதே வருடம் புவனஸ் அயர்சில் பிஷரின் நீண்ட தொடர்வெற்றியை இரண்டாவது ஆட்டத்தில் நிறுத்தினார். ஆனால் தொடரை 6.5க்கு 2.5 என்று இழந்தார். ஒலிம்பியாட் போட்டிகளில் சோவியத் அணிக்காக 129 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டும் தோற்றார். அதுவும் ஹியூப்னரிடம், 1972இல். 1981இல், உலகம் வியந்து பார்த்துக்கொண்டிருந்த இளம் கஸ்பரோவை இரண்டு தடவை வீழ்த்தினார்.

1984 ஓகஸ்ட் 13ஆம் திகதி வயிற்றுப் புற்றுநோயால் மொஸ்கோவில் இறந்தார். வயது 55. ஆர்மேனியர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1987இல் அந்தக் கல்லறையில் நினைவுக்கல்லைத் திறந்துவைத்தவர் கஸ்பரோவ். கல்லில் அராராத் மலையின் இரட்டைச் சிகரங்களும் அவற்றின் மேல் சூரியனும் செதுக்கப்பட்டிருக்கின்றன. யெரெவானிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் அந்த மலை, இன்று துருக்கியின் எல்லைக்குள் இருக்கிறது. 2011இலிருந்து ஆர்மேனியப் பாடசாலைகளில் சதுரங்கம் கட்டாய பாடம். 2018இல் வெளியான 2,000 ட்ராம் நாணயத்தாளில் பெத்ரோசியனின் முகம் இருக்கிறது.

சூரிச் ஆட்டத்தின் கடைசி நிலையை இதை எழுதும்போதும் திறந்துதான் வைத்திருக்கிறேன். 41ஆவது நகர்வு. கறுப்பின் சிப்பாய் ஒன்று அரசியாவதற்கு ஒரு அடி தூரத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் வெள்ளையின் கோட்டை. மறுபுறம் வெள்ளையின் சிப்பாய் ஆறாம் வரிசையில் நிற்கிறது. குதிரை இன்னும் டி5இல். எண்ணிப் பார்த்தேன். வெள்ளைக்கு 22, கறுப்புக்கு 21. இருவரும் சமநிலைக்கு ஒத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.